மெட்டுத் தெரியாத அன்ரி

எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அன்ரிக்கு ஒரு பாட்டின் மெட்டும் தெரியாது. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "ஓம் தங்கச்சி, தெரியாதுதான்" என்று ஒப்புக்கொண்டு சிரிப்பார். அவரிடம் சண்டை பிடிப்பது எப்போதுமே கஷ்டம்.

தொண்ணூறுகளில் நாங்கள் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்தோம். சந்தைக்குப் பின்பக்கத்துச் சந்தில், முன்பு செருப்புக்கடையாக இருந்த ஓர் அறை. இரும்புச் சட்டரை மேலே தள்ளினால் சபை, கீழே இழுத்தால் பூட்டிய கடை. உள்ளே பத்துப் பன்னிரண்டு சிசிலிக்காரர், பெரும்பாலும் கிழடுகள். அவர்களோடு நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள். நானோ யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. ஞாயிறு காலையில் மற்றத் தமிழரைப் போல நெற்றியில் வீபூதியோடு மலையேறி, அந்த ஊர்ப் புனிதை சாந்தா ரோசலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற ஆள். அந்த அறைக்கு நான் சாமியைத் தேடிப் போகவில்லை. வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்த நேரம் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போன இடத்தில் அன்ரி இருந்தார்.

கனடாக்காரி. ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலைமுடியைக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் சின்னதாக ஒரு வெள்ளைத் தொப்பி. சந்தையில் எல்லாரும் அவரைக் கன்னியாஸ்திரி என்று நினைத்து "சுவோரா" என்று கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொரு தரமும் நின்று, தான் சுவோரா இல்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்துவார். மீன்காரனும் ஒவ்வொரு தரமும் "சரி, சுவோரா" என்பான். தமிழை எங்களிடமிருந்தே பொறுக்கிக்கொண்டார். நாங்கள் அவரை மரியாதையாக "வாங்கோ, இருங்கோ" என்று கூப்பிட்டதால் அவருக்கும் அந்த மரியாதைத் தமிழ் மட்டுமே தெரியும். என் மகளையும் "வாங்கோ" என்பார், சந்தின் பூனையையும் "வாங்கோ" என்பார். என்னைத் தங்கச்சி என்றார். நான் அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். மகளோடு சேர்ந்து அன்ரி என்றே பழகிவிட்டேன்.

அவர் வளர்ந்தது கோதுமை வயல்களுக்கு நடுவில், மெனோனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தில். அவர்கள் ஆயுதம் தொடமாட்டார்கள். எதற்கும் சத்தியம் பண்ணமாட்டார்கள், ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள், வளர்ந்து தானாகக் கேட்க வேண்டும். அன்ரியின் சின்ன வயதில் அவர்களுடைய கோயிலில் ஓர் ஆர்மோனியம்கூடக் கிடையாது. வாய்தான் வாத்தியம். ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு. பெண்களில் முதல் குரல் மேலே போகும், அதைத்தான் நாங்கள் மெட்டு என்கிறோம். இரண்டாம் குரல் அதற்குக் கீழே, அதிகம் ஏறாமல் இறங்காமல், அதை விட்டு விலகாமல் கூடவே போகும். அன்ரியின் அக்காவுக்கு முதல் குரல். அக்காவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்த அன்ரிக்கு இரண்டாவது. அறிவு தெரிந்த நாளிலிருந்து அது ஒன்றையே பாடியிருக்கிறார். மற்றதைப் பாட ஒரு தேவையும் வரவில்லை, பக்கத்தில்தான் அக்கா இருக்கிறாளே.

பலெர்மோவில் அக்கா இல்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்று சபை சொன்னது. அன்ரி தன்னிடம் இருந்ததைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டாம் குரலைத்தான் பாட்டு என்று படித்தார்கள். ஒரே இடத்தில் நின்று நின்று நகருகிற பாட்டுகள். வீட்டில் மகள் பாடினால் என் மனிசன் தலையைத் தூக்கி, "இதென்ன, பாட்டோ, ஆரையும் திட்டுறாளோ?" என்று கேட்பார். வெள்ளைக்காரரின் சாமிப்பாட்டு இப்படித்தான் இருக்கும்போல என்று நான் விட்டுவிட்டேன்.

பாட்டில் மட்டுமென்றால் பரவாயில்லை. அந்த மனுஷி எதையுமே தானாகத் தொடங்கமாட்டார். உட்காருகிற வாங்கைத் தூக்கி ஓரமாகப் போட வேண்டுமென்றால், நான் ஒரு பக்கத்தைப் பிடித்தால்தான் மற்றப் பக்கத்தில் அவருடைய கை இருக்கும். பந்தியில் நாலு பேர் கைவைத்த பிறகுதான் சாப்பாட்டைத் தொடுவார். ஒரு தரம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம், தொடங்குகிற கிழவருக்கு அன்று காய்ச்சல். அன்ரி தொடங்குவார் என்று நாங்கள் பார்க்க, நாங்கள் தொடங்குவோம் என்று அவர் பார்க்க, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தோம். கடைசியில் ஒரு பிள்ளை பசிக்குது என்று அழுததோடு ஜெபம் முடிந்தது.

இந்தக் குணம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் கிடந்து உத்தரிக்கிற எங்களுக்கு, முன்னுக்கு நின்று எங்களுக்காகக் கதைக்கிற ஆள் வேண்டும். மற்ற இடங்களில் அப்படி ஆட்கள் இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போவார்கள், மளமளவென்று இத்தாலியனில் பொரிந்து தள்ளுவார்கள், நாங்கள் கைகட்டி நின்றுவிட்டு வருவோம். அன்ரியிடம் அது நடக்காது.

நான் வேலை செய்த வீட்டுச் சின்யோரா ஒரு கோடையில் குடும்பத்தோடு மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் புறப்பட்டா. என்னையும் வரச் சொன்னா, இரவும் பகலும் அங்கேயே தங்க வேணுமாம், ஞாயிறும் விடுமுறை இல்லையாம். மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு மாதம் பிள்ளையைக் காணாமல் எப்படி இருப்பது? மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம். அன்ரியை அழைத்துக்கொண்டு போனேன். சின்யோரா என்னைப் பார்க்கவேயில்லை. வெள்ளைத் தொப்பியைப் பார்த்து, "சொல்லுங்கள் சுவோரா, என்ன விஷயம்?" என்று கேட்டா. அன்ரி, தான் சுவோரா இல்லை என்று சொல்லிவிட்டு, மெல்ல அரை அடி பின்னுக்குப் போனார். "அவ சொல்லுவா" என்றார்.

என்னிடம் இருந்த இத்தாலியன் கைப்பிடி அளவு. "தொமேனிகா, நோ" என்றேன். ஞாயிறு இல்லை. பின்னாலிருந்து அன்ரியின் குரல், என் குரலைவிடக் கொஞ்சம் தணிவாக: "தொமேனிகா, நோ." சின்யோரா ஏதோ சத்தம் போட்டா. "என்ரை மகள்" என்று இத்தாலியனில் சொன்னேன். "அவவின்ரை மகள்" என்று அன்ரி. "சனி இரவு வீட்டை போவேன், திங்கள் விடிய வருவேன்" என்றேன். அதுவும் அப்படியே பின்னாலிருந்து வந்தது. சின்யோரா என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, திரும்பவும் என்னைப் பார்த்தா. பிறகு அந்தக் கோடை முழுக்க எனக்கு ஞாயிறு கிடைத்தது.

திரும்பி வரும்போது எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததுக்கு ஒரு குடையைக் கொண்டு வந்திருக்கலாம், அன்ரி. வெயிலுக்காவது உதவியிருக்கும்."

"நான் கதைச்சனான்தானே, தங்கச்சி?"

"எங்கை கதைச்சனீங்கள்? நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னனீங்கள்."

"ஓம்" என்றார். அதில் என்ன பிழை என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

எனக்கு அன்று இரவுதான் விளங்கியது. இத்தாலிக்கு வந்த பிறகு சின்யோரா ஒருத்தி என் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டுப் பதில் சொன்னது அதுதான் முதல் தரம். அன்ரி எனக்காகக் கதைத்திருந்தால் ஞாயிறு கிடைத்திருக்கும், வாய் கிடைத்திருக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

பின்னாளில் நானாகத்தான் ஞானஸ்நானம் கேட்டேன். எடுக்கச் சொல்லி அன்ரி ஒரு நாளும் சொல்லவில்லை. மே மாதக் காலை ஒன்றில், கோடைக் கூட்டம் வருவதற்கு முன், மொண்டெல்லோக் கடலில் இறங்கினேன். தண்ணீர் ஐஸ். அன்ரி சப்பாத்தைக் கழற்ற மறந்து அப்படியே என் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது கனடாவில் இருக்கிறேன். வந்த பிறகு மூன்று சபை மாறிவிட்டேன். முதலில் தமிழ்ச் சபை. கீபோர்ட்டும் டிரம்மும் காதைப் பிளக்கும், ஆனால் என் மொழியில் அழலாம். பிறகு வீட்டுக்குக் கிட்ட ஒன்று. இப்போது போவது மகள் கல்யாணம் கட்டிப் போன ஊரில், திரையில் வரி ஓட எல்லாரும் ஒரே குரலில் பாடுகிற சபை. உங்களுக்கு ஒரு இடம் பத்தாதா என்று தெரிந்தவர்கள் நக்கலடிக்கிறார்கள். எனக்கு எங்கேயும் அந்நியமாக இருந்ததில்லை. உள்ளே போவேன், நன்றாகப் பாடுகிற ஒரு மனுஷியைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்காருவேன், அவ தொடங்கியதும் நான் கீழே சேர்ந்துகொள்வேன். சிலர் திரும்பி ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரண்டாவது பாட்டுக்குள் சிநேகமாகிவிடுவோம். இது அன்ரி எனக்குத் தந்தது. வேறு எவரிடமிருந்தும் கிடைத்திருக்காது, அதற்காக நான் அவரை நினைக்காத ஞாயிறு இல்லை.

அந்த அறை எப்படிப் பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு பங்குனி மாதம். சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்த என் மனிசன் ஒரு பை நிறைய மண்டரின் தோடம்பழம் கொண்டு வந்திருந்தார், கடைசிப் பருவத்துப் பழம், தேன் மாதிரி இனிப்பு. அன்ரியும் நானும் அறையின் பின்பக்கக் குசினியில் இருந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். நான் சும்மாதான் கேட்டேன், உங்கட ஊர்க் கோயில் இப்பவும் அப்பிடியே இருக்கோ என்று.

"அது இப்ப இல்லை, தங்கச்சி. பூட்டியாச்சு."

"ஏன்? சண்டையோ?"

"இல்லை, இல்லை. நாங்கள் சண்டை பிடிக்கிறேல்லை." பழத்தின் நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். "எங்கட வழக்கம், எல்லாரும் ஓம் எண்டாத்தான் ஒரு காரியம் செய்யலாம். வட்டமா இருந்து ஒவ்வொருத்தரா கேப்பினம். பக்கத்து ஊர்ப் பெரிய கோயிலோடை சேருவமோ எண்டு கேட்டவை. முதலாவது ஆள் ஓம் எண்டார். இரண்டாவது ஆள் ஓம். நான் நினைச்சன், ஆராவது ஒராள் இல்லையெண்டு சொல்லுவினம், அவையோடை நானும் சேருவம் எண்டு. என்ரை முறை வந்திது. ஓம் எண்டன்."

"பேந்து?"

"பேந்து வெளியிலை வந்து கதைச்சால், ஒருத்தருக்கும் விருப்பமில்லை. எல்லாரும் என்னை மாதிரித்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கினம். அக்காவும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பூனைக்கு ஆர் மணி கட்டுவது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் கோயிலையே பூனைக்குக் கொடுத்த சனம்! எங்கள் ஊர்க் கோயிலென்றால் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழக்குக்குப் போயிருப்பார்கள், கோயிலும் நின்றிருக்கும். அதையும் அன்ரியிடம் சொன்னேன். "நல்ல வழக்கம்" என்றார், பகிடியில்லாமல்.

அதற்கு அடுத்த மாதம்தான் எங்களுக்கே அது வந்தது. கடல் கடந்து மூன்று பேர் வந்தார்கள், அந்த அறையைத் தாங்கி நடத்துகிற தாய்ச்சபையின் ஆட்கள். இரண்டு ஆண்கள், வயதான ஓர் அம்மா. அறையைத் தொடர்ந்து நடத்துவதா, பூட்டிவிட்டு அன்ரியைத் திருப்பி அழைப்பதா என்று பார்க்க வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களில் குற்றமில்லை. சிசிலிக் கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களில் பாதி, நகரத்தின் மறுகோடியில் புதிதாகத் தொடங்கிய தமிழ் ஜெபக் கூட்டத்துக்கு மாறிவிட்டது. வாங்குகள் காலியாகத்தான் கிடந்தன.

ஞாயிறு மாலை நான் உறைப்பைக் குறைத்து மீன்குழம்பு வைத்தேன். சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் பாடினார்கள். இரண்டு வரி போயிருக்காது, வந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுக்கத் தொடங்கினார். பிறகு வாயைத் திறந்தே பாடினார், மேலே மேலே போகிற ஒரு மெட்டு. ஆண்கள் இருவரும் கீழிருந்து சேர்ந்தார்கள். என் மகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கையை இடுப்பில் வைத்தாள்.

"ஸ்பாலியாத்தோ! அம்மா, இவை எல்லாம் பிழையாப் பாடினம்!"

சிசிலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்ரியின் முகம் தக்காளிப்பழம். விஷயம் விளங்கியதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நீங்கள் நிற்பாட்டாதீர்கள், உங்களுடையதையே பாடுங்கள், நாங்கள் எங்களுடையதைப் பாடுகிறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னார். திரும்பவும் தொடங்கினார்கள். இந்த முறை அன்ரி பிள்ளைகளோடு சேர்ந்து பாடினார், அந்த அம்மாவின் மெட்டு மேலே போனது. இத்தனை வருடமாக நாங்கள் அத்திவாரத்தில் குடியிருந்திருக்கிறோம், மேலே ஒரு வீடு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் கண்ணை விரித்துக்கொண்டு பாடினாள். நான் குழம்புச் சட்டியைப் பிடித்தபடி நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்தோம். அந்த அறையில் வாங்கில் இருக்கிற எவரையும் கேட்பார்கள், ஞானஸ்நானம் எடுத்தவரா இல்லையா என்று பார்ப்பதில்லை. வந்தவர்களில் ஒருவர் நிலைமையை மெதுவாக எடுத்துச் சொன்னார், அன்ரி இத்தாலியனில் திருப்பினார். அறையைப் பூட்டுவது நல்லதென்று அவர்களுக்குப் படுகிறது, உங்கள் மனம் என்ன? ஜெபம் தொடங்குகிற கிழவர் கையை விரித்தார். "சி" என்றார், ஓம் என்று. அவருக்குக் களைத்துவிட்டது. அவருடைய மனைவி, "சி." அடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "சி." ஓம் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தது. எனக்கு அடுத்ததாக அன்ரி இருந்தார். மடியில் அவர் கையைப் பார்த்தேன். மண்டரின் நாரை எடுத்த மாதிரி விரல்கள் எதையோ உரித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்குக் குசினியில் அவர் சொன்ன கதை மட்டும் தெரியாமல் இருந்திருந்தால், நானும் தலையை ஆட்டியிருப்பேன். நான் யார் சொல்ல? வீபூதிக்காரி, வீட்டு வேலைக்காரி. என் முறை வந்தது. தெரிந்த இத்தாலியன் எல்லாம் ஓடிவிட்டது.

"இல்லை" என்றேன் தமிழில்.

எல்லாரும் அன்ரியைப் பார்த்தார்கள். "நோ" என்று அன்ரி மொழிபெயர்த்தார்.

"பிள்ளையளுக்குப் பாதிப் பாட்டுத்தான் தெரியும். மிச்சப் பாதியைச் சொல்லிக்குடுக்காமல் எப்பிடிப் பூட்டுவியள்?" என்றேன். அன்ரி திருப்பினார். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த ஊரிலை எனக்கு எல்லா வீட்டுத் திறப்பும் இருக்கு, இருக்கிறதுக்கு ஒரு கதிரை இல்லை. இஞ்சை மட்டும்தான் என்னை இருங்கோ எண்டு சொல்லுறியள். இதைப் பூட்டினா நான் எங்கை போய் இருக்கிறது?"

அன்ரி அதையும் சொல்சொல்லாகத் திருப்பினார். குரல் என் குரலைவிடக் கொஞ்சம் தணிந்திருந்தது. அந்த அம்மா அன்ரியைக் கேட்டார், நீ என்ன சொல்கிறாய்?

"அவ சொல்லுறதுதான் நானும்" என்றார் அன்ரி. "நோ."

ஆண்களில் ஒருவர் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். வயதைச் சொன்னார், தனிமையைச் சொன்னார், ஊரில் காத்திருக்கிற அக்காவைச் சொன்னார். அன்ரி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். ஒவ்வொரு தரமும் என் பக்கம் ஒரு பார்வை, பிறகு அதே "நோ." கல்லுப் பிள்ளையாரை நகர்த்தினாலும் நகர்த்தலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் கிழவரின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தான் கிழவர் சொன்னதற்காகத்தான் ஓம் சொன்னதென்றா. பிறகு தலைகுனிந்து இருந்தவர். பிறகு கிழவரே. சட்டர் பூட்டப்படவில்லை. நான் பலெர்மோவை விட்டு வரும் வரைக்கும், அதற்குப் பிறகும் சில வருடம், அது ஞாயிறுதோறும் மேலே போனது. பிள்ளைகள் முதல் குரலும் படித்தார்கள்.

அன்றைக்கு பஸ் தரிப்புக்கு அன்ரி என்னோடு நடந்து வந்தார். மகள் எங்களுக்கு முன்னால் அந்த அம்மாவின் மெட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டு போனாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்ரி, நான் இல்லையெண்டு சொல்லாட்டில் நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்?"

நின்று யோசித்தார். பொய் சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், தங்கச்சி."

அந்தத் தெரு முடியும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவ்வளவு கோபம். ஊரில் ஒரு கோயிலைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷி, இங்கேயும் கொடுத்திருப்பா. நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றிருப்போம். அவர் என் பக்கத்திலேயே வந்தார், நான் வேகமாக நடந்தால் வேகமாக, மெதுவாக நடந்தால் மெதுவாக. தரிப்பில் வந்து நின்றதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப இனி எல்லா இடத்திலையும் நான்தான் தொடங்க வேணுமோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார் அன்ரி. "நீங்கள் தொடங்குங்கோ. நான் உங்களை விட்டு விலகமாட்டன்."